டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மான்ஸ்டர்களின் பூர்வீகத்தைத் தேடுவது எப்படி?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் விளையாட்டில் வரும் ஒரு மான்ஸ்டரின் பூர்வீகம் எது என்று கேட்டால், பெரும்பாலோர் அதன் பெயரைப் பிடித்துக்கொண்டு ஏதேனும் ஒரு நாட்டின் புராணத்துக்குப் போய்விடுவார்கள். பெயர் கிரேக்கமாக இருந்தால் பூர்வீகம் கிரேக்கம், ஜெர்மானியமாக இருந்தால் ஜெர்மனி என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்த வழியில் போனால் பாதிக்குப் பாதி தவறான ஊருக்குத்தான் போய்ச் சேர வேண்டியிருக்கும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட இந்த விளையாட்டின் உயிரினங்கள், நாட்டார் கதைகள், மலிவுவிலைக் கதை இதழ்கள், தொலைக்காட்சித் தொடர்கள், பொம்மைக் கடைகள், ஆட்ட மேசையில் எழுந்த தேவைகள் என எல்லாவற்றிலிருந்தும் சேர்ந்து உருவானவை. ஒரே உயிரினத்துக்குள்ளேயே இவற்றில் மூன்று நான்கு கலந்திருப்பது வழக்கம். எனவே தேடலைத் தொடங்கும் முன், 'இந்த மான்ஸ்டர் எங்கிருந்து வந்தது' என்ற கேள்வியைக் கைவிட்டு, 'இதன் எந்தப் பகுதி எங்கிருந்து வந்தது' என்று கேட்கப் பழக வேண்டும்.

நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு தாளில் மான்ஸ்டரின் பெயர், உருவம், ஆற்றல், அதற்குச் சொல்லப்படும் கதை ஆகிய நான்கையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ஆற்றல் என்பதில் அதை எப்படிக் கொல்லலாம் என்பதும் அடங்கும். பல வேளைகளில் அதுவே மிக நல்ல தடயம்.

இப்படிப் பிரிப்பது ஏன் அவசியம் என்பதற்கு கார்கன் தெளிவான சான்று. கிரேக்கப் புராணத்தில் கார்கன்கள் பாம்புக் கூந்தல் கொண்ட சகோதரிகள். மெடூசா அவர்களில் ஒருத்தி. 1977இல் வந்த, இந்த விளையாட்டின் உயிரினக் கையேடான மான்ஸ்டர் மேனுவலில் மெடூசா தனி உயிரினமாக இருக்க, கார்கன் என்ற பெயரிலோ இரும்புச் செதில் போர்த்திய காளை ஒன்று, கல்லாக்கும் மூச்சை விட்டுக்கொண்டு நிற்கிறது. இதைப் பார்த்து, ஆசிரியர் புராணம் தெரியாமல் குழப்பிவிட்டார் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 1607இல் எட்வர்ட் டாப்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார் வெளியிட்ட விலங்குகள் பற்றிய பெரிய நூலில், லிபியாவில் வாழும் செதில் மூடிய காளை போன்ற ஒரு விலங்கு கார்கன் என்ற பெயரிலேயே இடம்பெற்றிருக்கிறது. பெயரின் வேர் கிரேக்கம். உடலின் வேர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்து. இரண்டையும் ஒரே இழையாகப் பார்த்தவருக்கு டாப்செல் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

முதலில் அச்சேறிய இடத்தைக் கண்டுபிடியுங்கள்

அடுத்து, அந்த உயிரினம் முதன்முதலாக எந்த ஆண்டில், எந்த வெளியீட்டில் தோன்றியது என்று நிறுவ வேண்டும். இது முடியாமல் மற்ற எதையும் செய்யக் கூடாது. ஒரு கதையோ படமோ மூலமாக இருக்க வேண்டுமானால் அது இந்த ஆண்டுக்கு முன்பே வெளிவந்திருக்க வேண்டும் என்ற எளிய விதி, தவறான ஊகங்களில் பெரும்பகுதியைக் கழித்துவிடும்.

வரிசையை மனத்தில் வைத்துக்கொள்வது கடினமல்ல. 1971இல் செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிநூலும் அதன் மாயாஜாலப் பின்னிணைப்பும். 1974இல் மூன்று சிறு புத்தகங்களாக மூல விளையாட்டு. 1975இல் கிரேஹாக், பிளாக்மூர் என்ற துணைநூல்கள். 1976இல் எல்ட்ரிச் விசர்ட்ரி. 1977இல் மான்ஸ்டர் மேனுவல். 1981இல் பிரிட்டனில் தொகுக்கப்பட்ட ஃபீண்ட் ஃபோலியோ. 1983இல் இரண்டாம் மான்ஸ்டர் மேனுவல். இவற்றுக்கு நடுவே இதழ்களும் உண்டு. 1975இல் தொடங்கிய ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ, 1976 ஜூனில் தொடங்கிய டிராகன், பிரிட்டனின் ஒயிட் டுவார்ஃப் ஆகிய மூன்றையும் பார்க்காமல் 'முதல் தோற்றம்' என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக்டோபஸ் போன்ற தலை கொண்ட மைண்ட் ஃபிளேயர் மான்ஸ்டர் மேனுவலில் பிறந்ததாக நினைப்பவர்கள் அதிகம்; ஆனால் அது ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூவின் முதல் இதழிலேயே வந்துவிட்டது. ஃபீண்ட் ஃபோலியோவின் அட்டையை அலங்கரித்த கித்யாங்கி என்ற போர்வீர இனமும் அதற்கு முன்பே, 1979இல், ஒயிட் டுவார்ஃபில் வெளியானதுதான்.

அச்சு எத்தனையாவது என்பதையும் கவனியுங்கள். 1974 நூலின் தொடக்க அச்சுகளில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற பெயர்கள் இருந்தன. 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் படைப்புகளுக்கு வணிக உரிமை வைத்திருந்தவர்கள் சட்டப்படி எதிர்த்ததால், பிற்கால அச்சுகளிலிருந்து அவை நீக்கப்பட்டு ஹாஃப்லிங், டிரியன்ட், பேலர் என்ற பெயர்கள் வழக்கத்துக்கு வந்தன. பிந்தைய அச்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நடமாடும் மரமான டிரியன்ட்டின் மூலத்தை ஐரோப்பிய வனதேவதைக் கதைகளில் தேடினால், அருகிலேயே இருக்கும் விடையை விட்டுவிட்டு அலைய நேரிடும். பழைய நூல்கள் பலவற்றின் மின்பதிப்புகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கியதும் எந்த அச்சிலிருந்து எடுத்தது என்பதை முதலில் பார்த்துவிட்டுப் படியுங்கள்.

பொது ஒற்றுமையை நம்பாதீர்கள்

தேடலின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். இரண்டு உயிரினங்கள் பெரியவை, பச்சை நிறத்தவை, மனிதரைத் தின்பவை என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று ஆகாது. வேறெங்கும் இல்லாத, தற்செயலாக இருமுறை தோன்ற வாய்ப்பில்லாத ஒரு தனி அடையாளம் இரண்டிலும் இருக்க வேண்டும்.

டிரால்லை எடுத்துக்கொள்வோம். ஸ்காண்டிநேவிய நாட்டார் கதைகளில் வரும் டிரால்களில் பல, சூரிய ஒளி பட்டால் கல்லாகிவிடும். இந்த விளையாட்டின் டிராலுக்கு வெயிலால் எதுவும் ஆவதில்லை. மாறாக, ஒல்லியான ரப்பர் போன்ற பச்சை உடல், நீண்ட மூக்கு, வெட்டுப்பட்ட உறுப்பு தானாக நகர்ந்துவந்து ஒட்டிக்கொள்வது, தீயால் எரித்தால் மட்டுமே சாவது ஆகியவைதாம் அதன் குணங்கள். பால் ஆண்டர்சன் எழுதி 1961இல் நூலாக வந்த 'த்ரீ ஹார்ட்ஸ் அண்ட் த்ரீ லயன்ஸ்' நாவலில் இந்தக் குணங்கள் அனைத்தும் ஒன்றாக அமைந்த டிரால் ஒன்று வருகிறது. பெயர் மட்டும் வடநாட்டுக் கதைகளுடையது. மற்றவை அந்த நாவலுடையவை.

டிஸ்பிளேசர் பீஸ்ட்டிலும் இதே சோதனை பலன் தருகிறது. தோள்களிலிருந்து சாட்டைபோல் நெளியும் கைகள் இரண்டு நீண்டிருக்கும் கரிய பூனையினம் என்பது எந்த நாட்டார் கதையிலும் எளிதில் அகப்படாத உருவம். 1939இல் 'அஸ்டவுண்டிங்' அறிவியல் புனைகதை இதழில் வந்த ஏ. ஈ. வான் வோட்டின் 'பிளாக் டிஸ்ட்ராயர்' கதையில் வரும் கூர்ல் என்ற வேற்றுக்கிரக விலங்கு அந்த உருவத்தை உடையது. ஆனால் தான் இருக்கும் இடத்தைவிட்டுச் சில அடி தள்ளித் தெரியும் ஆற்றலும் ஆறு கால்களும் விளையாட்டில் சேர்ந்தவை. ஆகவே உருவத்துக்கு மூலம் கிடைத்துவிட்டது, ஆற்றலுக்குக் கிடைக்கவில்லை என்றுதான் பதிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். 1979இல் வந்த டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடின் பின்னிணைப்பு 'என்', தன்னைப் பாதித்த எழுத்தாளர்களைக் கைகாக்ஸே பட்டியலிட்ட பக்கம். ஆண்டர்சன், ஹோவர்ட், லைபர், வான்ஸ், லவ்கிராஃப்ட் போன்றோர் அதில் உண்டு. தேடுபவர் கையில் கட்டாயம் இருக்க வேண்டிய பட்டியல் இது. ஆயினும் அதில் வான் வோட்டின் பெயர் இல்லை. பட்டியலில் உள்ளவரை ஆராய வேண்டும்; இல்லாதவரை அதனாலேயே ஒதுக்கிவிடக் கூடாது.

ராட்சசன்: ஒரு முழுத் தேடல்

தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமான உயிரினத்தை எடுத்துக்கொண்டு முறையை முழுமையாகச் செய்து பார்ப்போம். மான்ஸ்டர் மேனுவலில் ராட்சசன் உண்டு. முதலில் இந்தியாவில் அறியப்பட்டு இப்போது பரவிவரும் தீய ஆவி என்று அந்தக் குறிப்பு தொடங்குகிறது. கம்பனில் அரக்கரைப் படித்து வளர்ந்த நமக்கு, இதன் பூர்வீகத்தில் தேட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு நான்கு இழைகளையும் தனித்தனியே பாருங்கள்.

பெயர் நம்முடையது, அதில் ஐயமில்லை. ஆற்றலுக்கு வருவோம். எதிரே நிற்பவரின் மனத்தைப் படித்து, அவருக்கு வேண்டியவரின் தோற்றத்தைக் காட்டி, அவர் அயரும் நேரத்தில் தாக்குவது இந்த மான்ஸ்டரின் வழக்கம். நினைத்த வடிவம் எடுப்பது நம் அரக்கருக்கும் உரியதுதான்: மாரீசன் பொன்மானாகிறான், இராவணன் தவசியாகிச் சீதையின் குடில்முன் நிற்கிறான், கம்பனின் சூர்ப்பணகை பேரழகியாகி இராமனை நோக்கி நடந்து வருகிறாள். எனினும் கூர்ந்து பார்த்தால் வேறுபாடு தெரியும். நம் கதைகளில் அரக்கன் தான் தேர்ந்த ஒரு வடிவத்தை எடுக்கிறான். அந்த வடிவம் எல்லோர் கண்ணுக்கும் ஒன்றே. விளையாட்டின் ராட்சசனோ பார்ப்பவரின் மனத்துக்குள் புகுந்து, அவர் யாரை நம்புவாரோ அவராகத் தெரிகிறான்.

இனி அவனைக் கொல்லும் வழி. சாதாரண ஆயுதம் அவனைத் தொடாது. மந்திர ஆயுதங்களும் மிக வலியனவாக இல்லாவிட்டால் பாதிச் சேதத்தையே விளைவிக்கும். ஆனால் மதகுரு ஆசிவழங்கிய குறுக்குவில் அம்பு பட்டால் இறந்துபோவான். குறுக்குவில் என்ற இந்த விவரம்தான் தனி அடையாளம். இராமாயணத்தில் அம்புக்குப் பஞ்சமில்லை, அத்திரங்களுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் ஆசி பெற்ற குறுக்குவில் அம்பால் மட்டுமே அரக்கன் வீழ்வான் என்ற விதி அங்கு இல்லை.

இந்த இரண்டு விவரங்களும் சேர்ந்து அமைந்திருக்கும் இடம், 1974 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' தொடரின் 'ஹாரர் இன் தி ஹைட்ஸ்' என்ற பகுதி. அதில் வரும் ராட்சசன், பலியாகப்போகிறவர் மிகவும் நம்பும் மனிதராக அவர் கண்ணுக்குத் தெரிகிறான். அவனை வீழ்த்துவது ஆசி பெற்ற அம்பு பூட்டிய குறுக்குவில். காலமும் பொருந்துகிறது: தொடர் 1974, மான்ஸ்டர் மேனுவல் 1977. மனம் படிப்பது, குறுக்குவில் ஆகிய இரண்டு அரிய அடையாளங்களும் ஒரே மூலத்தில் சேர்ந்து கிடைக்கும்போது தற்செயல் என்று ஒதுக்க இடமே இல்லை.

எஞ்சியிருப்பது உருவம். விளையாட்டின் ராட்சசன் என்றதும் ஆட்டக்காரர் கண்முன் வருவது புலித்தலைதான். 1977 குறிப்பின் வாசகத்தில் புலி இல்லை; பக்கத்திலுள்ள டேவிட் டிராம்பியரின் ஓவியத்தில், புலித்தலையுடன் புகைக்குழாய் பிடித்தபடி அவன் அமர்ந்திருக்கிறான். ஓவியர் வரைந்தது பின்னால் வந்தவர்களுக்கு விதியாகிவிட்டது. பிந்தைய பதிப்புகளின் வாசகத்தில் விலங்குத் தலையும், பின்புறமாகத் திரும்பிய உள்ளங்கையும் எழுத்தாகவே இடம்பெற்றன.

ஆக, பெயர் இந்தியப் புராணத்திலிருந்து, குணம் ஒரு தொலைக்காட்சிப் பகுதியிலிருந்து, தலை ஒரு கோட்டோவியத்திலிருந்து. நம் அரக்கரைச் சிதைத்துவிட்டார்கள் என்று வருந்துவோரை அறிவேன்; அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் எந்த இழை எங்கே மாறியது என்று காட்ட முடிந்தால்தான் அந்த வருத்தத்தைப் பிறர் காதில் ஏறும்படி சொல்ல முடியும்.

எழுத்தில் இல்லாத மூலங்கள்

நூல்களை மட்டும் தேடுபவருக்கு ரஸ்ட் மான்ஸ்டர் கடைசிவரை அகப்படாது. 1975இல் கிரேஹாக் துணைநூலில் தோன்றிய இந்த உயிரினத்தின் உணர்கொம்பு பட்டால் இரும்பு துருவேறி உதிரும். அதன் வாலின் நுனியோ விமான விசிறி போன்ற வடிவில் இருக்கும். எந்த விலங்கிலும் காணாத இந்த உறுப்புக்குக் கதையில் எந்த விளக்கமும் இல்லை. விளக்கம் பொம்மைக் கடையில் இருக்கிறது. அக்காலத்தில் ஹாங்காங்கில் செய்து அமெரிக்காவில் பைகளில் மலிவாக விற்கப்பட்ட பிளாஸ்டிக் 'தொல்விலங்கு' பொம்மைகளில் சில, எந்தத் தொல்விலங்கையும் ஒத்திருக்கவில்லை. மாயாஜாலப் போர்களுக்கு ஏற்ற சிற்றுருவங்கள் கடைகளில் அரிதாக இருந்த அந்நாளில் கைகாக்ஸ் இவற்றை வாங்கி ஆட்ட மேசையில் வைத்தார். ரஸ்ட் மான்ஸ்டர், ஆந்தைக்கரடி, மண்ணைத் துளைத்துச் செல்லும் ஓட்டு விலங்கான புலெட் ஆகிய மூன்றும் இந்தப் பொம்மைகளிலிருந்து வந்தவை. புலெட்டை 1976இல் டிராகன் முதல் இதழில் எழுதிய டிம் காஸ்க் இதைப் பின்னாளில் விரிவாகவே சொல்லியிருக்கிறார். பழைய பொம்மைகளைச் சேகரிப்பவர்கள் வெளியிட்ட படங்களையும் மான்ஸ்டர் மேனுவல் ஓவியத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதுகு ஓட்டின் வளைவும் வால் நுனியும் அப்படியே பொருந்துவது தெரியும்.

பொம்மை உருவத்தைத் தந்தது; துருப்பிடிக்கவைக்கும் ஆற்றலைத் தரவில்லை. அது ஆட்டத்தின் தேவையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கனத்த கவசம் பூண்ட போர்வீரனை அடித்து வீழ்த்துவது கடினம் என்னும்போது, அவன் கவசத்தையே பறிக்கும் ஓர் உயிரினம் ஆட்டத்தை நடத்துபவருக்குப் பெரிதும் உதவும். ஜெலட்டினஸ் கியூபை இதே கண்ணோடு பாருங்கள்: பத்தடி அளவுள்ள, கண்ணுக்கு எளிதில் தெரியாத கனசதுரப் பசைப்பொருள் அது. கட்டக்காகிதத்தில் பத்தடிக்கு ஒரு கட்டம் என்று வரையப்பட்ட நிலவறைத் தாழ்வாரத்தை அது அடைத்துக்கொண்டு நகரும். இதற்குப் புராணத்தில் மூதாதை தேடுவது வீண். புதையல் பெட்டியாகவோ கதவாகவோ நடிக்கும் மிமிக்கும் இந்த வகையே. பெட்டியைத் திறக்கும் ஆசை ஆட்டக்காரர்களிடம் இருப்பதால் பிறந்த உயிர் அது. ஒரு மான்ஸ்டரின் ஆற்றல் ஆட்டக்காரரின் குறிப்பிட்ட ஒரு பழக்கத்துக்குப் பதிலடியாக அமைந்திருந்தால், அதை ஆட்டத்திலேயே பிறந்ததாகக் கருதி ஆராய்வதே முறை.

படைத்தவர்களின் சொல்

படைத்தவரே சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல கண்கள் கொண்ட மிதக்கும் கோளமான பிஹோல்டரை உருவாக்கியவர் டெர்ரி குன்ட்ஸ் என்பதும், கித்யாங்கி என்ற பெயரை 1977இல் வந்த ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்ததாக அதைப் படைத்த சார்ல்ஸ் ஸ்ட்ராஸ் ஒப்புக்கொண்டதும் இத்தகைய வாக்குமூலங்களால்தான் நமக்குத் தெரிகின்றன. மைண்ட் ஃபிளேயரின் முகத்துக்கு பிரையன் லம்லியின் நாவல் ஒன்றின் அட்டைப்படமே தூண்டுதல் என்று கைகாக்ஸ் கூறியிருக்கிறார். ஆனால் 2008இல் மறைந்த கைகாக்ஸ் இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடையளித்ததெல்லாம் பெரும்பாலும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு. மறதியும், பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையும் அதில் கலந்திருக்கும். எனவே படைத்தவர் சொன்னதையும் தனி அடையாளச் சோதனைக்கு உட்படுத்துங்கள். அந்த அட்டைப்படத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். பொருந்துகிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

விளையாட்டை வெளியிடும் நிறுவனம் உரிமை கொண்டாடுவதையும் இப்படியே எடைபோட வேண்டும். 2000 முதல், எவரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தில் விதிகள் வெளியிடப்பட்டபோது பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர், கித்யாங்கி, டிஸ்பிளேசர் பீஸ்ட் முதலியன தங்களுக்கே உரியவை என்று ஒதுக்கிவைக்கப்பட்டன. ராட்சசனும் டிராலும் எல்லோருக்கும் பொதுவாக விடப்பட்டன. இந்தப் பிரிப்பு நல்ல தடயம். ஆனால் ஒதுக்கப்பட்டவற்றிலேயே டிஸ்பிளேசர் பீஸ்ட் இருப்பதால், அது பூர்வீகத்துக்கான சான்று ஆகாது.

உலகுக்குள் சொல்லப்படும் பூர்வீகம்

கதைக்குள்ளேயும் இந்த உயிரினங்களுக்குப் பூர்வீகம் உண்டு. ஆந்தைக்கரடி பித்துப்பிடித்த மந்திரவாதி ஒருவனின் கலப்புச் சோதனையால் பிறந்திருக்கலாம் என்கிறது மான்ஸ்டர் மேனுவல். பொம்மையின் விசித்திர உருவத்துக்குப் பிறகு தேடிப்பிடித்த காரணம் அது. பெரும்பாலும் இந்தத் திசையிலேயே நடக்கிறது: உருவம் முதலில் வருகிறது, கதை பின்னால் வந்து அதற்கு நியாயம் சொல்கிறது. ஆகவே உள்கதையை வெளிமூலத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள். அதைத் தனிப் பத்தியில், எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்ற ஆண்டுக் குறிப்புடன் வையுங்கள்.

ஆண்டு ஏன் முக்கியம் என்பதை கோபால்ட் காட்டும். ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர் நம்பிக்கையில் கோபால்ட் ஒரு குறும்பு ஆவி. உலோகத்துக்கும் அந்தப் பெயரே வந்தது. 1974இல் அது புதிய ஆட்டக்காரரும் வெல்லத்தக்க சிறு எதிரி. 1977இல் மயிரற்ற தோலும் சிறு கொம்பும் கொண்ட குள்ள உருவம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து டிராகன்களோடு உறவு கொண்டாடும் பல்லியினம். 'கோபால்ட்டின் பூர்வீகம் டிராகன்' என்று இன்று ஒருவர் சொன்னால், அவர் சொல்வது கடைசிப் படிநிலையை மட்டுமே. சில மாற்றங்களுக்கு வெளியுலகக் காரணமும் இருக்கும். 1980களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டைச் சாத்தான் வழிபாடாகச் சித்திரித்து எழுந்த எதிர்ப்பால், 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் என்ற பெயர்கள் விலக்கப்பட்டு, தனாரி, பாட்டெசு என்ற புதுப்பெயர்கள் புகுத்தப்பட்டன. அந்தச் சொற்களுக்குப் பழைய மொழிகளில் வேர் தேடி அலைவோர் இந்தச் சூழலை முதலில் படிப்பது நல்லது.

தேடியதை எழுதிவைக்கும்போது ஒவ்வொரு இழைக்கும் நேராக மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: அச்சிலோ திரையிலோ உள்ள சான்றால் உறுதி, படைத்தவர் கூற்று மட்டும், அல்லது நம் ஊகம். ராட்சசனின் பெயருக்கும் குறுக்குவில்லுக்கும் முதல் குறி; மைண்ட் ஃபிளேயரின் முகத்துக்கு இரண்டாவது; ரஸ்ட் மான்ஸ்டரின் துருவுக்கு மூன்றாவது. ஊகம் என்று குறித்த இழைகளை அப்படியே திறந்து வையுங்கள்; பழைய இதழ் ஒன்றோ, யாரோ ஒருவர் வீட்டுப் பரணில் கிடக்கும் பொம்மைப் பை ஒன்றோ கிடைத்தால் திருத்தப்பட வேண்டியவை அவைதாம்.